வில்லியம்ஸா, பெரிய பெயரா? ஏப்ரலைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள்

எடிசன் அம்மா

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஏப்ரல் மாதம் வேறு பேச்சே இருக்காது. இடம் கிடைத்த காலேஜ்களில் ஒன்றைத் தேர்ந்து மே 1-க்குள் டெபாசிட் கட்டியாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கூத்து நடந்து முடிந்துவிட்டது, அதனால் தைரியமாக எழுதுகிறேன். உங்கள் கதையையும் கீழே போடுங்கள். நல்லதை மட்டும் போட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

மகளுக்கு ஒரு பக்கம் ஊர் உலகமெல்லாம் தெரிந்த பெரிய யூனிவர்சிட்டி கிடைத்தது. இன்னொரு பக்கம் வில்லியம்ஸ் காலேஜ். மாசசூசெட்ஸின் வடமேற்கு மூலையில் மலைகளுக்கு நடுவே, மொத்தமே சுமார் 2,000 பேர் படிக்கிற இடம். 1793-ல் தொடங்கியது. அமெரிக்காவில் படிப்பு வட்டத்தில் அதற்கு இருக்கிற மரியாதை வேறு. ஆனால் திருச்சியில் இருக்கும் மாமியாருக்கு அதெல்லாம் தெரியுமா? "அவ்வளவு தூரம் போயும் பேர் தெரியாத காலேஜா? நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். அந்த நாலு பேர் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார்கள்.

அட்மிஷன் கிடைத்த பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டுவார்களே, அதற்கு இரண்டு இடத்துக்கும் போனோம். பெரிய இடத்தில் ஒரு கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார்ந்தாள். ஹால் நிறைய நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். பேராசிரியர் அருமையாக நடத்தினார், குறை சொல்ல எனக்கு வாய் வராது. சந்தேகம் வந்தால் டீச்சிங் அசிஸ்டன்ட்டாக இருக்கும் பிஎச்டி மாணவரிடம் போக வேண்டும். வில்லியம்ஸில் பெரிய மேஜையைச் சுற்றி ஒரு டஜன் பேர். ஒரு பெண் தப்பாக ஒரு விடை சொன்னாள். பேராசிரியர் அதைத் திருத்தவில்லை. "இது சரின்னு வெச்சுக்குவோம், அப்போ வேற என்னெல்லாம் உண்மையா இருக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளே அடித்துப் பேசி, போர்டுக்கு ஓடி, கடைசியில் அந்தப் பெண்ணே தன் தப்பு எங்கே என்று கண்டுபிடித்தாள். திரும்பி வரும்போது காரில் மகள் பேசியதெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

கடைசியில் வில்லியம்ஸில்தான் சேர்ந்தாள். அங்கே டுடோரியல் என்று ஒரு ஏற்பாடு உண்டு, ஆக்ஸ்ஃபோர்டு பாணி. இரண்டு மாணவர்கள், ஒரு பேராசிரியர், வாரம் ஒரு சந்திப்பு. ஒரு வாரம் ஒருத்தர் ஐந்தாறு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும், மற்றவர் அதைக் குடைந்து குடைந்து கேட்க வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறும். கடைசி பெஞ்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை. மகள் எழுதிய முதல் கட்டுரையை ஜோடிப் பையன் வரிவரியாகப் பிரித்து மேய்ந்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி போனில் ஒரே அழுகை. அடுத்த வாரம் அவன் எழுதியதை இவள் பிரித்து மேய்ந்தாள். அன்றைக்கு போனே வரவில்லை! இப்போது இரண்டு பேரும் ஒரே லேப்பில் வேலை பார்க்கிறார்கள். அறிவியல் துறைகளில் பிஎச்டி மாணவர்களே கிடையாது என்பதால், பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு இந்தச் சின்னப் பிள்ளைகள்தான் கையும் காலும்.

கஷ்டம் என்றால் குளிரும் தனிமையும்தான். பக்கத்தில் பெரிய ஊர் என்றால் ஆல்பனி, காரில் ஒரு மணி நேரம். இட்லி மாவைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

ஃப்ரீமான்ட் அப்பா

சகோதரி, மாற்றுக் கட்சி நான். என் பையனுக்கு ஹார்வி மட் என்ற சின்ன காலேஜ் கிடைத்தும், கலிஃபோர்னியாவின் பெரிய மாநில யூனிவர்சிட்டியான பெர்க்லிக்குத்தான் போனான். ஹார்வி மட் ஒன்றும் லேசுப்பட்ட இடமில்லை. 1955-ல் தொடங்கியது, மொத்தம் 900 பேர் சொச்சம், கணக்கிலும் இன்ஜினியரிங்கிலும் புலிகள்.

பெர்க்லியில் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் ஆயிரத்துக்கு மேல் மாணவர்கள். பேராசிரியருக்கு இவன் முகம் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை. பாதிப் பேர் ரூமில் படுத்துக்கொண்டே வீடியோ பார்க்கிறார்கள். நானும் முதலில் பதறினேன். ஆனால் அந்தக் கூட்டத்தைச் சமாளிக்கவே அங்கே இளங்கலை மாணவர்களைச் சம்பளம் கொடுத்து டீச்சிங் அசிஸ்டன்ட் ஆக்குகிறார்கள். இரண்டாம் வருடத்திலேயே இவன் முப்பது பேருக்கு வகுப்பு எடுத்தான். வீட்டுக்கு வந்தபோது ரிகர்ஷன் என்ற கஷ்டமான கம்ப்யூட்டர் பாடத்தை அவன் அம்மாவுக்கே புரிய வைத்தான், அது ஒரு சாதனை. மூன்றாம் வருடம் முதுகலைப் பாடங்களில் உட்கார்ந்தான். சின்ன காலேஜில் அந்தப் பாடங்கள் எங்கே இருக்கும்?

இன்னொன்று. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்குச் சின்ன காலேஜ்தான் நல்லது என்று எல்லோரும் வேதம் மாதிரி சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பன்னிரண்டு பேர் மேஜையில் கூச்சக்காரன் எங்கே ஒளிவான்? பெரிய ஹாலில் பதினைந்தாவது வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்து, தனக்குத் தோதானபோது வாய் திறப்பான். என் பையன் அப்படித்தான்.

பணமும் சொல்லியாக வேண்டும். தனியார் காலேஜ் எல்லாச் செலவும் சேர்த்து வருடத்துக்கு 90 ஆயிரம் டாலரைத் தொடுகிறது. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவனுக்குப் பெர்க்லி அதில் பாதி. எங்களைப் போல இரண்டு பேரும் சம்பாதிக்கும் வீட்டுக்கு எய்டு என்று காலேஜ் தரும் உதவிப் பணம் பைசா பெயராது.

சென்னைப் பையன், இப்போ அயோவா

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் கிரின்னல் காலேஜ். எங்கே இருக்குன்னு கேக்காதீங்க, சுத்தி மக்காச்சோளம், நடுவுல நாங்க. பக்கத்துல பெரிய ஊர்னா டீமோயின், கார்ல ஒரு மணி நேரம். மொத்தம் 1,700 பேர்.

என்னோட பெரிய என்கவுன்ட்டர் காலேஜ்ல இல்ல, ஜெமினி மேம்பாலம் பக்கத்துல விசா கவுன்ட்டர்ல. எனக்கு முன்னாடி நின்னவர் பெரிய யூனிவர்சிட்டி ஐ-20 (விசாவுக்காக காலேஜ் தர்ற படிவம்) வெச்சிருந்தார், ரெண்டு கேள்வி, பாஸ்போர்ட்டை வாங்கிட்டாங்க. என் ஐ-20-ஐ பாத்த ஆபீசர், சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் போய் ஏன் இந்த காலேஜ்னு கேட்டார். வயித்துல புளியைக் கரைச்சது. நான் ராபர்ட் நாய்ஸ் கதையைச் சொன்னேன். இன்டெல்லை ஆரம்பிச்சவர்ல ஒருத்தர், கிரின்னல்ல 1949-ல பட்டம் வாங்கினவர். டிரான்சிஸ்டர் வந்த புதுசுலயே அதை வரவழைச்சுப் பாடம் நடத்தின ஃபிசிக்ஸ் வாத்தியார் கிராண்ட் கேல்கிட்ட படிச்சவர். நடுவுல ஹாஸ்டல் பார்ட்டிக்காகப் பன்னி திருடி மாட்டிக்கிட்டு, ஒரு செமஸ்டர் வெளியே அனுப்பிட்டாங்க. பிற்பாடு இன்டெல் தொடங்கினப்போ காலேஜ் அதுல பணம் போட்டது. பன்னி வரைக்கும் வந்தப்ப ஆபீசர் சிரிச்சுட்டார். அதுக்கப்புறம் யார் பணம் கட்டறாங்கன்னு மட்டும் கேட்டார்.

படிப்பு எப்படின்னா, முதல் செமஸ்டர் டுடோரியல் ஒண்ணுதான் எல்லாருக்கும் கட்டாயம். மீதியை அட்வைசரோட உக்காந்து நாமளே பின்னிக்கணும். நான் கெமிஸ்ட்ரியும் எகனாமிக்ஸும். 1989-ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கின தாமஸ் செக் எங்க காலேஜ்தான். 2020-ல வாங்கின ஜெனிஃபர் டவுட்னா படிச்சது பொமோனாங்கற இன்னொரு சின்ன காலேஜ். சின்ன காலேஜ்ல சயின்ஸ் கிடையாதுன்னு யாராவது சொன்னா இந்த ரெண்டு பேரைச் சொல்லுங்க.

ஆனா வேலை தேடறப்போ வித்தியாசம் தெரியும். பெரிய கம்பெனிகள் அயோவா வயக்காட்டுக்கு வந்து வரிசையில நிக்காது. பழைய மாணவர்களுக்கு நாமளே மெயில் போடணும். பதில் நிறைய வருது, அது உண்மை, ஆனா முதல் அடி நம்மளோடது. வெளிநாட்டுப் பிள்ளைகள் இன்னொண்ணு பாக்கணும். படிப்பு முடிச்சு அமெரிக்காவுல வேலை செய்ய ஓபிடிங்கற அனுமதி ஒரு வருஷம். ஸ்டெம் பட்டமா (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு) இருந்தா கூடுதலா 24 மாசம். எகனாமிக்ஸை சில காலேஜ் ஸ்டெம் கோடுல பதிஞ்சிருக்கும், சில காலேஜ் பதிஞ்சிருக்காது. சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

ஃப்ரீமான்ட் அப்பா

தம்பி, நோபல் பட்டியலில் பெர்க்லியோடு மோதாதே. நீ சொன்ன டவுட்னாவே இப்போது பெர்க்லியில்தான் பேராசிரியர்.

சென்னைப் பையன், இப்போ அயோவா

அண்ணா, இளங்கலை எங்கே படிச்சாங்கன்னுதானே பேச்சு!

பெயர் வேண்டாமே

எல்லாம் படித்தேன். என் மகன் ஒரு சின்ன காலேஜில் சேர்ந்து, இரண்டு வருடம் முடித்து, மாநில யூனிவர்சிட்டிக்கு மாறிவிட்டான். காலேஜ் பெயர் வேண்டாம், அங்கே நன்றாக இருக்கிற பிள்ளைகளும் உண்டு.

அவனுக்கு இரண்டாம் வருடத்தில்தான் மொழியியல் பிடித்துப்போனது. துறையில் இருந்ததே மூன்று பேராசிரியர்கள். அவனுக்கு வேண்டிய பாடத்தை ஒருவர்தான் நடத்துவார், அதுவும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். அந்த வருடம் பார்த்து அவர் சபாட்டிகல் என்ற நீண்ட ஆராய்ச்சி விடுப்பில் போய்விட்டார். "நீயே தனியாகப் படி, நான் மேற்பார்வை பார்க்கிறேன்" என்று இன்னொருவர் நல்ல மனதோடு சொன்னார். ஆனால் அவருக்கு அது துறையே இல்லை.

அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. முதல் வருடம் நண்பர்கள் குழுவில் ஒரு மனத்தாங்கல். பெரிய இடமாக இருந்தால் வேறு கூட்டம் பார்த்துப் போயிருப்பான். அங்கே சாப்பாட்டு ஹால் ஒன்றே ஒன்று. காலையில் தோசைக்குப் பதில் சீரியல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினால் அதே ஆறு முகங்கள். கிராமத்தில் சண்டை போட்டுக்கொண்டு அதே குழாயடியில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். கொஞ்ச நாளில் சாப்பாட்டை ரூமுக்கே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தான், அதை நாங்கள் ஒரு விடுமுறையில்தான் கண்டுபிடித்தோம்.

மாறிய இடத்தில் மொழியியலுக்கே ஒரு தளம் முழுக்க ஆட்கள். பிள்ளை முகம் தெளிந்துவிட்டது.

பசுமலை மாணவன்

அன்பர்களுக்கு வணக்கம். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, பிறகு ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பேத்தி வில்லியம்ஸ் கல்லூரியைப் பார்க்கப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன்.

வளாகத்தில் ஓரிடத்தில் உருண்டையான பூகோளத்தை உச்சியில் தாங்கிய ஒரு கல்தூண் நின்றது. எல்லோரும் வகுப்பு பார்க்கப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். 1806-ல் அந்தக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வெளியே ஜெபிக்கக் கூடியபோது இடி மழை பிடித்துக்கொண்டது. வைக்கோற்போர் ஓரமாக ஒதுங்கி அங்கேயே பேசி முடித்தார்கள். அந்தப் பேச்சிலிருந்து 1810-ல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தார்தான் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தார்கள், 1834-ல் மதுரை வந்தார்கள், 1881-ல் பசுமலையில் எங்கள் கல்லூரிக்கு வித்திட்டார்கள். கோரிப்பாளையத்துச் செங்கல் கட்டடத்தில் நான் உட்கார்ந்து படித்ததற்கும் இந்தத் தூணுக்கும் இப்படி ஒரு கொடிவழி.

எங்கள் காலத்தில் ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் பட்டம் முடித்த இளைஞர்கள் மதுரைக்கு வந்து தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்களில் ஒருவர் விடுதித் திண்ணையில் எங்களோடு உட்கார்ந்து தமிழ் படித்தார். "ழ" வராமல் அவர் பட்ட பாடு! ஆனால் நாங்கள் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அப்போது எங்களுக்கு அது திமிராகப் பட்டது. பேத்தியோடு போய் உட்கார்ந்த வகுப்பிலும் எல்லோரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகையால் பெரியவர்கள் யாரேனும் "பேர் தெரியாத காலேஜ்" என்றால், எடிசன் அம்மா, இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். திருச்சிக்காரர்களுக்கு மதுரைக் கதை பிடிக்காதுதான், இருந்தாலும் சொல்லிப் பாருங்கள். பேத்தி இன்னும் முடிவு செய்யவில்லை. கட்டணத்தைக் கேட்டதும் என் மகனுக்குத்தான் வியர்த்துவிட்டது.

எடிசன் அம்மா

ஐயா, மாமியாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்!

கட்டணத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து மகனை மலைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு காலேஜ் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். வருமானம், சொத்து விவரம் போட்டால் நமக்கு ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று காட்டும். வில்லியம்ஸ் 2022-லிருந்து எய்டில் கடன் என்பதையே எடுத்துவிட்டது, கொடுப்பதெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். ஃப்ரீமான்ட் அண்ணா சொன்னதும் நிஜம், வருமானம் அதிகமான வீட்டுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. அந்தக் கணக்கில் மாநில யூனிவர்சிட்டியை அடிக்க ஆளில்லை. அப்படி ஒரு நிலைமை என்றால் நானும் மாநில யூனிவர்சிட்டியைத்தான் சொல்வேன், கடன் வாங்கி மேஜை நாற்காலிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

எய்டு லெட்டர் வந்த பிறகும் பேசலாம். இன்னொரு காலேஜ் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்த லெட்டரை அனுப்பி, மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு அது தினமும் நடக்கிற விஷயம்.

பெயர் வேண்டாமே சொன்னதைத்தான் நான் எல்லோரையும் திரும்பப் படிக்கச் சொல்வேன். டூர் போகும்போது கட்டடத்தைப் பார்த்து வாய் பிளக்காமல், பிள்ளை எடுக்க நினைக்கும் துறையில் எத்தனை பேர், அடுத்த இரண்டு வருடத்தில் யார் யார் லீவில் போகிறார்கள், மேல்நிலைப் பாடம் எந்த செமஸ்டரில் வருகிறது என்று கேளுங்கள். பக்கத்துக் காலேஜில் பாடம் எடுக்க வழி உண்டா என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவின் க்ளேர்மான்ட்டில் பொமோனா, ஹார்வி மட், ஸ்கிரிப்ஸ், பிட்சர், க்ளேர்மான்ட் மெக்கென்னா ஐந்தும் நடந்து போகும் தூரம். மாசசூசெட்ஸில் ஆம்ஹெர்ஸ்ட் காலேஜ் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் ஸ்மித்திலும் மவுன்ட் ஹோல்யோக்கிலும் மாநில யூனிவர்சிட்டியிலும் படிக்கலாம். வில்லியம்ஸுக்கு அந்த மாதிரி அக்கம்பக்கம் கிடையாது.

கோவை அப்பா

மகளுக்கு கிரின்னல் எய்டோடு கிடைத்திருக்கிறது. தம்பி, குளிருக்கு என்னென்ன வாங்கி அனுப்புவது? ஜனவரியில் மைனஸ் இருபது என்று போட்டிருக்கிறதே, வயிறு கலங்குகிறது.

சென்னைப் பையன், இப்போ அயோவா

அங்கிள், கோட்டு ஊர்ல வாங்காதீங்க, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் ரகம்னு கொடுப்பாங்க, அது இங்க நவம்பரைக்கூடத் தாங்காது. இங்க வந்ததும் சீனியர்ஸ் கூட்டிட்டுப் போய் வாங்கித் தருவோம், பழசுகூட நல்லதாக் கிடைக்கும். பெட்டியில அந்த இடத்துக்கு பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் வெச்சு அனுப்புங்க. விசா நேர்முகத்துக்கு முன்னாடி தங்கச்சியை எனக்கு மெசேஜ் பண்ணச் சொல்லுங்க.