மல்லிகைக் கொழுந்து வெளுக்கிறது, எப்சம் உப்புக்கும் கேட்கவில்லை

நிலக்கோட்டைத் தோட்டக்காரர்:
வணக்கம். எங்கள் மல்லிகையில் கொழுந்து இலைகள் மஞ்சளாகி, சில செடிகளில் வெள்ளையாகவே வருகின்றன. நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. அடி இலைகள் நன்றாக இருக்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண், கிணற்று நீரும் உப்பு. உரக்கடையில் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) தந்தார்கள், தெளித்தும் மாற்றமில்லை. பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம்தானே, பிறகு ஏன்?

மண்புழு:
அண்ணா, அடி இலை வெளுத்தால்தான் மக்னீசியத்தைச் சந்தேகிக்க வேண்டும். அது குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்பை அவ்வளவு எளிதில் இடம் மாற்ற முடியாது, அதனால் கொழுந்துதான் முதலில் பட்டினி கிடக்கும். உங்களுடையது இரும்புக் குறை.

பச்சைய மூலக்கூறில் இரும்பு கிடையாது. ஆனால் அதைக் கட்டும் படிகளில் ஒன்றுக்கு இரும்பு உள்ள நொதி தேவை. வெயில் கிளப்பிவிடும் எலக்ட்ரானைக் கைமாற்றும் சைட்டோகுரோம், ஃபெரடாக்சின் என்ற புரதங்கள் இரண்டிலும் இரும்பு உண்டு. இலைக்குள் வெயிலைப் பிடிக்கும் அமைப்புகளில் ஒன்றான முதலாம் ஒளித்தொகுதியில் மட்டும் 12 இரும்பு அணுக்கள்! வெளுத்த இலை எவ்வளவு வெயில் குடித்தாலும் சரியாக உணவு ஆக்காது. பூ எங்கிருந்து வரும்?

மண்ணில் இரும்பு நிறையவே இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் அது கரையாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

நிலக்கோட்டைத் தோட்டக்காரர்:
தெளிப்பதற்கு முன் உறுதி செய்ய வழி உண்டா தம்பி?

மண்புழு:
உண்டு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெளுத்த இலையின் ஒரு பாதியில் மட்டும் தூரிகையால் தடவுங்கள். சில நாளில் தடவிய பாதி பச்சை பிடித்து, மறுபாதி வெளுப்பாகவே நின்றால் இரும்புதான். பிறகு அதே அளவில் மாலை வேளையில் தெளியுங்கள், பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை. உப்பு நீரில் கலக்கினால் கரைசல் பழுப்பாகிவிடும். அதைத் தெளிப்பது வீண். நல்ல நீரில் சிறிது எலுமிச்சைச் சாறு விட்டு, கலந்த உடனே தெளிக்க வேண்டும்.

சொட்டுநீர்க்காரன்:
ஐயா, வேர் வழியாகக் கொடுப்பதானால் ஈடிடிஏ இரும்பு (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மத்தோடு வருவது) இந்த மண்ணில் தாங்காது. அதே வகையில் ஈடிடிஹெச்ஏ வாங்குங்கள். விலை அதிகம், ஆனால் கார மண்ணிலும் நிலைக்கும். தடவிய இலை பச்சையாகவில்லை என்றால் மாங்கனீசையும் பாருங்கள். இலைக்குள் நீரைப் பிளந்து ஆக்சிஜன் வெளியேற்றுவது 4 மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியமும் சேர்ந்த கொத்துதான். அந்தக் குறையும் இளம் இலையில் நரம்பிடை மஞ்சளாகவே தெரியும், ஆனால் நரம்பை ஒட்டிய பச்சைப் பட்டை சற்று அகலமாக இருக்கும்.