வாசோ இருமுறை வருகிறது. ரமலான் மட்டும் ஏன் பருவம் மாறுகிறது?

ரங்கூன் வாசகர் கேட்டது:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டுப் பர்மியக் காலண்டரில் 2023ஆம் ஆண்டு முதல் வாசோ, இரண்டாம் வாசோ என ஒரே மாதம் இருமுறை அச்சாகியிருந்தது. பிறையை வைத்து எண்ணும் ஆண்டு பருவங்களை விட்டு விலகாதிருக்க, 19 ஆண்டுகளில் 7 முறை இப்படி ஒரு மாதம் கூட்டுகிறார்கள். ஆனால் அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பத்தின் ரமலான் நோன்பு 2024இல் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய கடும் வெயிலில் வந்தது. என் பள்ளிக் காலத்திலோ அது குளிர் மாதங்களில் வந்தது. இஸ்லாமியரும் பிறையையே எண்ணுகிறார்கள் என்றால், கூடுதல் மாதத்தை ஏன் ஏற்கவில்லை? ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய ஆண்டைத் தொடங்கியவர் யார்?

பெகு அன்பர்:
ஐயா, வணக்கம். இஸ்லாத்துக்கு முந்தைய அரபியர் துல்கஅதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் ஆகிய நான்கு மாதங்களில் போர் செய்வதில்லை. முதல் மூன்றும் அடுத்தடுத்து வருவதால், மக்காவுக்கு வந்த யாத்திரிகரும் வணிகரும் வழிப்பறிக்கு அஞ்சாமல் போய்த் திரும்ப முடிந்தது. கொள்ளையடித்துப் பிழைத்த கோத்திரங்களுக்கோ மூன்று மாதம் சும்மா இருப்பது பெரும்பாடு. ஆகவே கினானா கோத்திரத்தார் ஒருவர், ஹஜ்ஜுக்குக் கூடியவர்கள் முன் எழுந்து, இம்முறை முஹர்ரத்தின் புனிதம் அடுத்த மாதமான சஃபருக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிவிப்பார். இவ்வழக்கத்துக்கு நஸீஉ என்று பெயர். குர்ஆனின் 9ஆம் அத்தியாயத்தில் 36ஆம் வசனம் மாதங்கள் பன்னிரண்டே என்கிறது. 37ஆம் வசனம் நஸீஉவைக் கண்டிக்கிறது. 632 மார்ச்சில் தம் இறுதி ஹஜ்ஜில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், காலம் சுழன்று தன் ஆதி நிலைக்குத் திரும்பிவிட்டது என்று அறிவித்தார்கள். அதன்பின் கூடுதல் மாதம் இல்லை; ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவதால், ரமலான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என இரண்டு ரமலான் தொடங்கும்!

மோல்மீன் வரலாற்று ஆர்வலர்:
பெகு அன்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நஸீஉ என்பது புனிதத்தை மட்டும் தள்ளிவைத்ததா, வாசோவைப் போல முழு மாதத்தையே கூட்டியதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யூதர்களிடமிருந்து அரபியர் கற்றுக்கொண்ட கூடுதல் மாதமே அது என்று இடைக்கால அறிஞர் அல்பிரூனி எழுதினார். எதுவாயினும், எப்போது போர் கூடாது, எப்போது யாத்திரை என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. பிறையை எந்த இடையனும் பார்க்கலாம். மாற்றத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஆண்டுக்கு எண் வந்தது பின்னர்தான். அதுவரை யானை ஆண்டு என்பதுபோல நிகழ்ச்சியால் பெயரிட்டார்கள். கலீஃபா உமர் காலத்தில் ஆட்சி சிரியா, இராக் வரை பரவியபோது, தேதியில்லாத கடிதங்கள் வருகின்றன என்று பஸ்ராவின் ஆளுநர் அபூ மூஸா அல்அஷ்அரீ முறையிட்டதாகவும், ஷஅபான் என்று மாதத்தை மட்டும் குறித்த ஒரு பத்திரத்தைப் பார்த்து, எந்த ஆண்டின் ஷஅபான் என்று உமரே கேட்டதாகவும் மரபுச் செய்திகள் உள்ளன. 638ஐ ஒட்டி அவர் தோழர்களைக் கலந்தாலோசித்தார். நபியின் பிறப்பு முதலிய யோசனைகள் தள்ளப்பட்டு, அவர் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத்தே தொடக்கமாயிற்று. மக்காவில் ஒடுக்கப்பட்டிருந்த சிறு கூட்டம் மதீனாவில் தனி உடன்படிக்கை கொண்ட சமுதாயமாக மாறியது அப்போதுதான். அப்பயணம் நடந்தது 622 செப்டம்பரில், ரபீஉல் அவ்வல் மாதத்தில். ஆனால் ஹஜ் முடிந்து மக்கள் ஊர் திரும்பும் முஹர்ரத்தை முதல் மாதமாக வைத்ததால், ஆண்டுத் தொடக்கம் அப்பயணத்துக்கு முன்பே, 622 ஜூலை 16இல் அமைந்தது.

ரங்கூன் வாசகர்:
இருவருக்கும் நன்றி. நம் ஊர் மழைக்காலத்தில் ரமலான் வந்தால் பிறையை எப்படிக் காண்பது? நோன்பும் நீளுமே?

பெகு அன்பர்:
மேகம் மறைத்தால் நடப்பு மாதத்தை 30 நாளாக நிறைவு செய்துவிட வேண்டும், ஐயா. நபிமொழியே வழி சொல்லியிருக்கிறது. நீளத்தைப் பொறுத்தவரை, ரங்கூனில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வேறுபாடு இரண்டு மணி நேரம் அளவே. வடக்கே லண்டன் போன்ற ஊர்களில்தான் அது பெரிது. ரமலான் ஒரே பருவத்தில் நின்றிருந்தால், அங்குள்ளவர்களுக்கு என்றும் நெடும்பகல் நோன்போ, என்றும் குறும்பகல் நோன்போதான் வாய்த்திருக்கும்.