எண்ணெய் வழியுற முகத்துக்கு வீட்லயே பேஸ்பேக், எரிச்சல் வருது

கேள்வி: முகம் கழுவி ரெண்டு மணி நேரத்துல மூக்கு நெத்தியெல்லாம் எண்ணெய் வழியுதுன்னு முல்தானி மெட்டில எலுமிச்சை பிழிஞ்சு போட்டேன், நல்லா காய்ஞ்சு வெடிக்கிற வரைக்கும் விட்டு கழுவினா கன்னம் செவந்து எரியுது. என்ன தப்பு பண்ணேன்?

பதில் 1: எலுமிச்சைதாங்க வில்லன். அதோட பிஎச் (அமிலத்தன்மைய காட்டுற அளவு, எண் குறைஞ்சா அமிலம் அதிகம்) 2 கிட்ட, தோலுக்கு 5 கிட்ட, எரியாம என்ன செய்யும்? அதோட வெயில்ல போனா கொப்புளமே வரலாம். வெறும் தண்ணில குழைங்க, ஓரம் வெளுக்க ஆரம்பிச்சதும் நடுவுல ஈரமா இருக்கும்போதே கழுவிடுங்க, வாரம் ஒரு தடவ போதும்.

பதில் 2: கழுவினதும் லேசா மாய்ஸ்சரைசர் போடுங்க. அப்புறம் மொத்தமா கலக்கி வைக்காதீங்க, நான் கத்தாழை ஜெல் அரைச்சு பாட்டில்ல வச்சு நாலாம் நாள் மூடிய திறந்தா புளிச்ச வாடை!

கேட்டவர்: அய்யோ, மீதி பேஸ்ட் பிரிட்ஜ்ல இருக்கு, இப்பவே தூக்கி போடுறேன்.