விலா எலும்பு முறிவு: சிபிஆர் கொடுத்ததால் வந்தது என்றால் நம்பலாமா?

முதுநிலை மாணவி:
மூன்று மாதக் குழந்தை, கட்டிலிலிருந்து விழுந்து இறந்ததாகச் சொல்கிறார்கள். பிரேதப் பரிசோதனையில் முதுகுப்பக்கம் விலா எலும்புகள் முறிந்திருக்கின்றன. "உயிர்ப்பிக்க மார்பை அழுத்தினோம் (சிபிஆர்), அதில் முறிந்திருக்கும்" என்று வீட்டார் சொன்னால் என்ன பதில் சொல்வது? பாடத்தில் வந்த கேள்விதான், ஆனாலும் குழப்பமாக இருக்கிறது.

பழைய போஸ்ட்மார்ட்டம் டாக்டர்:
முதலில் முறிவுக்கு எத்தனை நாள் வயது என்று பாரும்மா. எலும்பு கூடும்போது உண்டாகும் கேலஸ் எக்ஸ்ரேயில் தெரியக் குறைந்தது ஒரு வாரம் பிடிக்கும். இன்று காலை அழுத்திய மார்பில் அது எப்படி இருக்கும்? ஒன்று புதிது, ஒன்று ஆறியது என்றால் ஒரே நாளில் விழுந்த கதையும் செல்லாது. 1946-இல் அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர் ஜான் காஃபி ஆறு குழந்தைகளிடம் கண்டது இதைத்தான்: மூளையுறைக்குக் கீழே இரத்தக்கசிவு, கூடவே கை கால் எலும்புகளில் 23 முறிவுகள், யாரும் காரணம் சொல்லவில்லை.

அப்புறம் இடம். சிபிஆரில் முறிந்தால் பெரும்பாலும் முன்பக்கமோ பக்கவாட்டிலோதான். முதுகெலும்பை ஒட்டி முறிய, நெஞ்சுக்கூட்டை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து நெரிக்க வேண்டும்; விலா பின்னால் நெம்பி முறியும். சிபிஆருக்காகப் பலகையில் கிடத்திய குழந்தைக்கு முதுகு நகராது, நெம்பவும் வழியில்லை.

என்.ஐ.சி.யு. (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) செவிலியர்:
சார், இப்போது பச்சிளம் குழந்தைக்கு நாங்களும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரலால்தானே அழுத்துகிறோம்?

பழைய போஸ்ட்மார்ட்டம் டாக்டர்:
சரியான கேள்வி சிஸ்டர். அதனால்தான் "வராது" என்று எழுதக்கூடாது, "மிக அரிது" என்று எழுத வேண்டும். யார் எப்படி அழுத்தினார்கள் என்று உங்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். இன்னொன்று, நம் குழந்தைகள் பலருக்கு இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும். கன்றிய காயமா என்று சந்தேகம் வந்தால் தோலைக் கீறிப் பாருங்கள். திட்டுக்கு அடியில் இரத்தம் கசிந்திருக்காது.

வக்கீல்:
கனடாவின் ஒன்டாரியோவையும் மறக்காதீர்கள். வில்லியம் மலின்ஸ்-ஜான்சன் தன் சகோதரரின் நான்கு வயது மகளைக் கொன்றதாக 1994-இல் தண்டிக்கப்பட்டார். இறந்தபின் உடலில் இயல்பாக வரும் மாற்றங்களைக் காயம் என்று படித்திருந்தார்கள். 2007-இல்தான் விடுதலைத் தீர்ப்பு. காயம் யார் கையால் வந்தது என்று எக்ஸ்ரே சொல்லாது, டாக்டர்.

பழைய போஸ்ட்மார்ட்டம் டாக்டர்:
ஒப்புக்கொள்கிறேன். அது என் வேலையும் இல்லை. மாணவிக்கு ஒன்று: உடலைத் திறக்கும் முன்பே முழு எலும்புக்கூட்டுக்கும் எக்ஸ்ரே எடுத்துவிடு. முறிந்த விலாவை மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பு. வைட்டமின் டி குறைவு, எளிதில் முறியும் பிறவி எலும்பு நோய் இரண்டையும் விலக்கிய பிறகு அறிக்கையில் கைவை.