பட்டு செக்‌ஷன்ல கூட வேலை பாக்குற அக்கா முகம் குடுத்தே பேச மாட்டேங்கிறாங்க, என்ன பண்றது?

திருச்சிப்பொண்ணு:
இங்க ஒரு ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கேன். ஆடித் தள்ளுபடி முடிஞ்சதும் காட்டன்ல இருந்து பட்டுக்கு மாத்துனாங்க. அங்க ரொம்ப வருஷமா இருக்குற அக்காதான் கோர்வைனா உடலும் பார்டரும் தனித்தனி கலர்ல நெய்து கோர்க்கிறது, சேலைய திருப்பிப் போட்டு அந்த இணைப்பக் காட்டுனா கஸ்டமருக்கு நம்பிக்கை வரும்னு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, சாப்பிடவும் கூடவே கூட்டிட்டுப் போவாங்க. ஆவணில ஒரு கல்யாண பார்ட்டி வந்தாங்க, அக்கா அப்ப சாப்பிடப் போயிருந்தாங்க, நான்தான் முகூர்த்தப் பட்டுல இருந்து சம்பந்தி வீட்டு சேலை வரைக்கும் காட்டுனேன், பில் என் சேல்ஸ் நம்பர்ல விழுந்துச்சு. அன்னைலேர்ந்து பேச்சே இல்ல. அவங்க கஸ்டமர் பிரிச்சுப் போட்ட சேலையெல்லாம் என் பக்கம் தள்ளிட்டுப் போறாங்க, நான் மடிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஆள அவங்க உக்கார வச்சிடுறாங்க. நேத்து நான் முந்திய விரிச்சுக் காட்டிட்டு இருக்கப்பவே வந்து இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காது மேடம்னு வேற போட்டு அவங்க நம்பர்ல பில் போட்டாங்க. ஆனா சூப்பர்வைசர் வந்தா மட்டும் பாப்பா நல்லா பண்றான்னு சொல்றாங்க. இத கோவம்னு எடுத்துக்கிறதா போட்டின்னு எடுத்துக்கிறதா?

மதுரைக்காரி:
அந்தக் கல்யாண பார்ட்டி வந்ததும் யாரையாவது தேடுனாங்களா, அத யோசிச்சுப் பாரும்மா. பட்டு எடுக்க வர்ற குடும்பம் மூத்த பொண்ணுக்கு யார் காட்டுனாங்களோ அவங்களத்தான் இளையவளுக்கும் கேப்பாங்க.

திருச்சிப்பொண்ணு:
ஆமாக்கா கேட்டாங்க. போன தடவ ஒரு அம்மா காட்டுனாங்களே எங்கன்னு. சூப்பர்வைசர்தான் அவங்க சாப்பிடப் போயிருக்காங்க நீ பாருன்னு என்னைய அனுப்புனாரு.

மதுரைக்காரி:
அப்ப உன் மேல தப்பே இல்ல, ஆனா அந்தக்கா பார்வைல பல வருஷமா சேத்து வச்ச கஸ்டமர் கைய விட்டுப் போயிருக்கு. சூப்பர்வைசர் அனுப்புனது அவங்களுக்குத் தெரியுமான்னே சந்தேகம். நீயே போய் சொல்லிடு.

ராஜா_சேலம்:
நான் ஜவுளிக்கடைல ஃப்ளோர் சூப்பர்வைசரா இருந்தவன். புரட்டாசில முகூர்த்தம் கிடையாது, பட்டு செக்‌ஷன் காத்தாடும், வர்ற நாலு பேர யார் பிடிக்கிறதுன்னு இழுபறி அப்பதான் வரும், இன்சென்டிவ் பில் நம்பர வச்சுன்னா கேக்கவே வேணாம். சூப்பர்வைசர் முன்னாடி புகழ்றத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க சிஸ்டர், அது அவருக்காகச் சொல்றது. புது சரக்கு இறங்குனா எந்த ரேக்ல இருக்குன்னு உங்ககிட்ட சொல்றாங்களா? சொன்னா அது வெறும் மனஸ்தாபம், சரியாயிடும். மறைச்சு வச்சு அவங்க மட்டும் எடுத்துக் காட்டுறாங்கன்னா போட்டிதான், நீங்களும் உஷாரா இருக்கணும். எங்க கடைல பழைய கஸ்டமர வேற ஆள் பாத்தா சேலையப் பிரிச்சு ரெண்டு பில்லா ரெண்டு நம்பர்லயும் போடுவோம். தீபாவளி கூட்டத்துக்கு முன்னாடி இத உங்க சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க, அதுவும் அக்காவ வச்சுக்கிட்டே கேளுங்க.

தஞ்சை மைந்தன்:
உங்க செக்‌ஷன்ல ஸ்டூல் இருக்கா? நாள் பூரா நின்னு கால் வீங்குறவங்களுக்கு மடிக்கிற வேலை கூடுனாலே எரிச்சல் வரும், வயசானவங்களுக்கு இன்னும் மோசம். கேரளால 2018லயே கடை ஊழியர்களுக்கு உக்கார வசதி குடுக்கணும்னு சட்டத்துல சேத்துட்டாங்க, நம்ம ஊர்லயும் 2021ல திருத்தம் வந்துருச்சு. ரெண்டு பேரும் சேந்தே போய் கேளுங்களேன், பேச்சு தொடங்க அதுவும் ஒரு வழி.

திருச்சிப்பொண்ணு:
புது சரக்கு பத்தி கேட்டீங்கள்ல அண்ணா, நேத்து சாஃப்ட் சில்க் பார்சல் இறங்குச்சு, கீழ் ரேக்குல இருக்குன்னு அக்காதான் சொன்னாங்க, என் முகத்தப் பாக்காமதான் சொன்னாங்க. நாளைக்கு டீ டைம்ல சூப்பர்வைசர் அனுப்புன விஷயத்தச் சொல்லிட்டு ரெண்டு பில் யோசனையும் அக்காட்டயே முதல்ல கேக்குறேன். ஸ்டூல் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுவும் பில்லிங் பக்கத்துல.