புதுப்பிப்பு: ஓவியன் கதை எழுத உட்கார்ந்தால் பாதியில் நிற்கிறது (தீர்ந்தது)

பல வருடம் அடுத்தவர் ஸ்கிரிப்டுக்கு காமிக்ஸ் வரைந்தவன், சொந்த கிராஃபிக் நாவல் (படக்கதையாக வரும் நாவல்) 20 பக்கத்தைத் தாண்டவில்லை என்று புலம்பியிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

முழு ஸ்கிரிப்டை முதலில் எழுதும் முறை எனக்கு ஒத்துவரவில்லை. கைகொடுத்தது, "தீப்பெட்டி அளவில் பக்கங்களைக் கிறுக்குங்கள், வசனம் அப்புறம்" என்ற யோசனைதான். 96 பக்கமும் முடிந்தது.

எதிர்பாராதது: வசனத்தில் பாதியை அடித்து நீக்க வேண்டியிருந்தது. கதையில் ஒரு பெண் கதவைப் பூட்டுவதை வரைந்துவிட்டு, வசனப் பலூனில் "கதவைப் பூட்டுகிறேன்" என்றும் எழுதியிருந்தேன்!

இன்னொன்று, திடுக்கிடும் காட்சி வலப்பக்கத்தில் இருந்தால், இடப்பக்கத்தைப் படிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். அதைப் புரட்டியதும் வரும் இரட்டை எண் இடப்பக்கத்துக்குத் தள்ளினேன். அதற்காக முன்னால் வசனமே இல்லாத ஒரு பக்கம் சேர்த்தேன். இப்போது எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கிறது.