இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் முடிந்தது, எலும்புப்புரைக்கு மருந்து யார் தருவது?

ஜன்னலோரம்:

அம்மாவுக்கு 74 வயது. ஆறு வாரத்துக்கு முன்னால் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்துவிட்டார். வழுக்கியதுகூட இல்லை, திரும்பும்போது கால் தடுமாறிப் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறார், அவ்வளவுதான். இடது பக்கம் இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்துவிட்டது. மறுநாளே ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள், அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். இப்போது வாக்கர் பிடித்து அறைக்குள் நடக்கிறார்.

என் கேள்வி வேறு. டிஸ்சார்ஜ் சம்மரியை நேற்றுதான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன். கம்பியின் நீளம், திருகு எத்தனை, எந்தப் பக்கம் திறந்தார்கள், எத்தனை தையல் என்று ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. எலும்பு ஏன் இவ்வளவு சுலபமாக முறிந்தது என்பதற்கு ஒரு வரி இல்லை. மருந்து என்று பார்த்தால் வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, அப்புறம் கால்சியம். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டோம், அப்போதும் இந்தக் கால்சியம்தான்.

தையல் பிரிக்கப் போனபோது ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டேன். "அதை உங்கள் வழக்கமான டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்றார். வழக்கமான டாக்டரிடம் போனால் "எலும்பு சமாச்சாரம், எலும்பு டாக்டர் சொல்லட்டும்" என்கிறார். இதற்கு நடுவில் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார், எலும்புப்புரைக்கு மருந்து எடுத்தால் தாடை எலும்பு செத்துப்போகுமாம், தொடை எலும்பு தானாகக் குறுக்கே உடையுமாம். மருந்து தேவையா இல்லையா? தேவை என்றால் யாரிடம் போய் நிற்பது?

நைட்டூட்டி:

எலும்பு வார்டில் 11 வருடமாக நர்ஸ். முதலில் மணிக்கட்டு, அப்புறம் இடுப்பு. இந்த வரிசை எங்களுக்கு மனப்பாடம். இடுப்பு முறிந்து வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு முன்பே வேறு எங்கேயாவது ஒரு எலும்பு முறிந்திருக்கும், மணிக்கட்டோ தோளோ முதுகெலும்போ. அன்றைக்கே யாராவது பிடித்திருக்க வேண்டும். போன மாதம் ராத்திரி ஒரு பாட்டி வந்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தால் இடது பக்கம் புது முறிவு, வலது பக்கம் பழைய கம்பி பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பழைய கம்பியும் எங்கள் வார்டில் வைத்ததுதான். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன், அதிலும் கால்சியம் மட்டும்.

இன்னொன்று, வார்த்தைக் குழப்பம். நம் ஆட்கள் எல்லாவற்றையும் "எலும்புத் தேய்மானம்" என்று சொல்லிவிடுகிறார்கள். முழங்கால் வலிப்பது மூட்டுத் தேய்மானம், அது வேறு. எலும்புப்புரை வலிக்காது. உள்ளே சல்லடை மாதிரி ஆகிக்கொண்டே போகும், உடைகிற நிமிடம் வரை ஒரு அறிகுறியும் இருக்காது. அதனால்தான் "எனக்குத் தேய்மானத்துக்கு மருந்து ஓடுகிறது" என்று முழங்கால் தைலத்தைக் காட்டுகிறார்கள்.

சாய்வுநாற்காலி:

முதியோர் மருத்துவத்தில் இருக்கிறேன். உங்கள் அம்மாவைப் பார்க்காமல் எந்த மருந்து என்று சொல்ல மாட்டேன், ஆனால் மருந்து தேவையா என்பதற்குப் பதில் தெளிவு: தேவை. ஐம்பதைத் தாண்டியவர் நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தால், வேறு காரணம் இல்லாதவரை, அதையே எலும்புப்புரை என்று வைத்துச் சிகிச்சை தொடங்கலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் நல்லதுதான், ஆனால் அதற்காகக் காத்திருந்து மாதங்களைத் தொலைக்க வேண்டாம். அந்த ஸ்கேன் தருகிற எண்தான் டி-ஸ்கோர், ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிடுவது. அது மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994-இல் போட்ட கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கும் இடுப்பு முறிகிறது. ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் இடுப்பு முறிந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்கேன் கணக்குப்படி எலும்புப்புரையே இல்லை.

கால்சியம் மட்டும் போதுமா என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்கிற ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன் ஆன 2,127 பேர். எல்லோருக்கும் கால்சியமும் வைட்டமின் டி-யும் உண்டு. பாதிப்பேருக்குக் கூடுதலாக வருடத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரானிக் ஆசிட் டிரிப்ஸ், மீதிப் பேருக்கு மருந்தில்லாத டிரிப்ஸ். சுமார் இரண்டு வருடத்தில் கால்சியம் மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மறுபடி எங்கேயோ முறிந்தது, மருந்து போனவர்களில் 9 பேருக்கு. இறந்தவர்கள் அந்தப் பக்கம் 13, இந்தப் பக்கம் 10-க்கும் குறைவு. எலும்பு மருந்து உயிரிழப்பையும் குறைத்தது பலருக்கும் ஆச்சரியம், ஆனால் இடுப்பு முறிவு எவ்வளவு கொடியது என்று தெரிந்தால் அவ்வளவு ஆச்சரியமில்லை. முறிந்த ஒரு வருடத்துக்குள் ஐந்தில் ஒருவராவது இறந்துபோகிறார், ஆண்களில் இன்னும் அதிகம்.

மருந்து கொடுத்தால் முறிந்த எலும்பு ஒட்டாமல் போய்விடுமோ என்று பயந்துதான் பல டாக்டர்கள் மருந்தைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இந்த டிரிப்ஸை ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போடலாம், உங்கள் அம்மா அதைத் தாண்டிவிட்டார். போடுவதற்கு முன்னால் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் ரத்தத்தில் பார்த்துக் குறையிருந்தால் சரிசெய்ய வேண்டும். முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பயப்பட வேண்டாம், பாராசிட்டமால் போதும். மாத்திரை என்றால் அலென்ட்ரோனேட், வாரம் ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இந்த அரை மணி நேரத்தில்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள், விழுங்கிவிட்டுத் திரும்பப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும், அப்புறம் மருந்தே வேண்டாம் என்பார்கள்.

மூன்றாம்கை:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். வயதான எலும்பு உடையத்தான் செய்யும், நரை விழுவதற்கு மருந்து சாப்பிடுகிறோமா? ஐம்பது வயதில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த என் அக்காவுக்கு ஸ்கேன் எடுத்து "ஆஸ்டியோபீனியா" என்று ஒரு பெயர் வைத்து வருடக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கம்பெனி வியாபாரம்தானே இது? அவருடைய அண்ணன் அனுப்பிய வீடியோவில் என்ன தப்பு?

சாய்வுநாற்காலி:

உங்கள் அக்கா விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. ஆஸ்டியோபீனியா நோயே இல்லை, ஸ்கேன் அளவுகோலில் சரியான எலும்புக்கும் எலும்புப்புரைக்கும் நடுவில் ஒரு இடைவெளி, அதைக் காட்டிப் பயமுறுத்தி ஆரோக்கியமாக இருந்த பெண்களுக்கு மாத்திரை கொடுத்த காலம் ஒன்று உண்டு. ஆனால் அதற்கான தண்டனை யாருக்கு விழுந்தது என்று பாருங்கள். தாடை, தொடை பற்றிய செய்திகள் பரவியதும் அமெரிக்காவில் அலென்ட்ரோனேட் வகை மாத்திரைகள் எடுப்பவர்கள் 2008-க்கும் 2012-க்கும் இடையில் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். தேவையில்லாதவர்கள் நிறுத்தியது சரி, தேவையானவர்களும் சேர்ந்து நிறுத்தினார்கள். அதுவரை வருடா வருடம் குறைந்துவந்த இடுப்பு முறிவு 2013 வாக்கில் குறைவதை நிறுத்திக்கொண்டது. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகம் உண்டு.

தாடை எலும்புப் பிரச்சினை உண்மைதான். அது அதிகம் வந்தது புற்றுநோய்க்காக இதே டிரிப்ஸ் மருந்தை மாதாமாதம் போட்டுக்கொண்டவர்களுக்கு, கிட்டத்தட்ட பத்து மடங்கு அளவு. எலும்புப்புரை அளவில் 10,000 பேர் ஒரு வருடம் எடுத்தால் அதிகபட்சம் ஒருவருக்கு வரலாம் என்பதே வழக்கமான மதிப்பீடு. நான் சொன்ன ஆய்வின் கணக்கில் அதே 10,000 பேரை மருந்தில்லாமல் விட்டால் இரண்டு வருடத்தில் 1,400 பேருக்கு மறுபடி முறியும். தொடை எலும்பு குறுக்கே உடைவதும் உண்டு, அபூர்வம், வருடங்கள் கூடக்கூட ஆபத்து கூடும். அதனால்தான் மாத்திரையை 5 வருடத்திலும் டிரிப்ஸை 3 வருடத்திலும் தொடரலாமா என்று யோசிக்கச் சொல்கிறோம், தொடையிலோ தொடை இடுக்கிலோ காரணமில்லாமல் வலித்தால் உடனே சொல்லச் சொல்கிறோம். தாடைப் பிரச்சினையைத் தவிர்க்க, பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

கம்பெனி வியாபாரம் என்றால், அலென்ட்ரோனேட்டின் காப்புரிமை அமெரிக்காவில் 2008-லேயே முடிந்துவிட்டது. இன்றைக்கு அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

பென்சில்சீவி:

ஊசி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற டெனோசுமாப் என் பெரியம்மாவுக்குப் போட்டார்கள். நல்ல மருந்துதான், நான்கு ஊசி வரை ஒழுங்காகப் போனது. அப்புறம் வீடு மாறியதில் தேதி தவறிவிட்டது, பத்து மாதம் ஓடிவிட்டது, யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒருநாள் அலமாரியின் மேல்தட்டு எட்டவில்லை என்றார், இரண்டு வாரம் முதுகு வலி என்று படுத்திருந்தார், எக்ஸ்ரே எடுத்தால் மூன்று முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது. இந்த ஊசியை நிறுத்தினால் எலும்பு அரிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பும், நிறுத்தும்போது கட்டாயம் வேறு மருந்துக்கு மாற வேண்டும் என்பதை ஊசி போட்ட நாளில் எங்களிடம் சொன்னவர் யாரும் இல்லை. ஆரம்பிப்பதற்கு முன்னால் கேளுங்கள், எப்படி நிறுத்துவீர்கள் என்று.

கோப்புக்கட்டு:

சுகாதார நிர்வாகத்தில் வேலை. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் கை காட்டியது. அது உலகம் முழுக்க இருக்கிற வியாதி. அமெரிக்காவில் இடுப்பு முறிந்தவர்களில் பின்னால் எலும்பு மருந்து பெற்றவர்கள் 2002-இல் 100-க்கு 40, 2011-இல் சுமார் 20. மருந்து இருந்தும் ஏறவில்லை, இறங்கியது. 1990-இல் உலகில் ஏறக்குறைய 16.6 லட்சம் இடுப்பு முறிவு என்றும் 2050-இல் 62 லட்சத்தைத் தாண்டும் என்றும் 1992-இலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள், ஆக யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் 1999-இல் செய்த ஏற்பாடு ரொம்பச் சாதாரணமானது. ஐம்பது வயதுக்கு மேல் எலும்பு முறிந்து வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் எடுத்து, ஸ்கேன் ஆனதா, மருந்து தொடங்கியதா என்று பின்தொடர்வதற்கென்றே ஒரு நர்ஸ். வேறு பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, அது இன்னாருடைய வேலை என்று ஆனது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் 2007-இல் இடுப்பு முறிவுக்கென்று தேசியப் பதிவேடு தொடங்கினார்கள், 2010-இலிருந்து 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், முதியோர் மருத்துவர் பார்ப்பது, எலும்புப் பாதுகாப்பு, விழும் ஆபத்தை அளப்பது இதையெல்லாம் செய்த ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் தொகை கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு கட்டம் சேர்த்து, அதை நிரப்பாமல் நோயாளியை அனுப்பக் கூடாது என்று வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கட்சி. உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த நர்ஸ் நீங்கள்தான்.

நடைவண்டி:

பிசியோ நான். மருந்து எலும்பைத்தான் பார்த்துக்கொள்ளும், விழுவதைத் தடுக்காது. இடுப்பு முறிவு பத்தில் ஒன்பதுக்கு மேல் விழுந்துதான் வருகிறது. அம்மா ராத்திரி எத்தனை மணிக்கு எழுகிறார், அப்போது விளக்கு எங்கே இருக்கிறது, தூக்க மாத்திரை உண்டா, எழுந்ததும் தலை சுற்றுகிறதா, கண்ணில் புரை இருக்கிறதா, இதையெல்லாம் பாருங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவருடைய பிசியோ சம்மதித்தால், கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் தொடைத் தசை போதவில்லை. உங்களுக்கும் ஐம்பது பக்கம் என்றால் நீங்களும் எழுந்து பாருங்கள்.

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு தாளில் மணிக்கட்டு முறிந்த தேதி, இடுப்பு முறிந்த தேதி, எடுக்கிற மாத்திரைகள் எல்லாம் எழுதி, அதையே இரண்டு டாக்டரிடமும் கொடுத்தேன். வழக்கமான டாக்டர் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "சரி, நானே பார்க்கிறேன்" என்று ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். வைட்டமின் டி குறைவாக இருக்கிறது, அது சரியானதும் டிரிப்ஸ். அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் ஒருமுறை. அண்ணனுக்கு அந்த 1,400 கணக்கை அனுப்பினேன், "பார்க்கிறேன்" என்று பதில் வந்திருக்கிறது, அவர் அகராதியில் அது சம்மதம்.

சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளந்தேன், பழைய அட்டையில் இருப்பதைவிட 4 சென்டிமீட்டர் குறைவு. அதையும் தாளில் சேர்த்துவிட்டேன், முதுகெலும்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிலிலிருந்து கதவு வரை தரையோரமாக விளக்கு வைத்தாயிற்று.

நாற்காலிப் பரீட்சைக்கு அம்மாவின் பிசியோ இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். அம்மா விடவில்லை, என்னை உட்காரவைத்து அவர் எண்ணினார். எனக்கு 51. ஐந்தாவது தடவை கை தானாக ஊன்றிவிட்டது, அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.